நாடி பார்த்தவளிடம் சொல்லாதது

என் இடுப்பைப் பற்றி ஊரே கவலைப்பட்ட ஒரு காலம் இருந்தது. தேரடிப் பக்கம் இருக்கிற எங்கள் பாத்திரக் கடைக்குக் குக்கர் வாங்க வருகிறவர்கூட, நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இடுப்பா? எங்க மதினிக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று ஆரம்பித்துவிடுவார். அடுத்து ஒரு வைத்தியர் பேர் வரும், அவர் இருக்கிற ஊர் வரும், பஸ் எங்கே ஏற வேண்டும் என்பதும் வரும். எனக்கோ, அந்த வைத்தியர் இவருக்கு என்ன முறை வேண்டும் என்பதில்தான் மனசு போகும்.

நான் அப்படித்தான். பழைய பாத்திரத்தைக் கொடுத்துப் புதுசு எடுக்க வருகிறவர்களோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசு போய்விட்டது. பித்தளைக் குடத்தின் அடியில் ஈயத்தை ஊற்றி எடையைக் கூட்டிக் கொண்டுவருவார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியமும் செய்வார்கள். நான் குடத்தைத் தட்டிப் பார்ப்பேன். சத்தம் மந்தமாக வந்தால், "வேற கடையைப் பாருங்க" என்பேன். மனுஷரையும் அப்படித் தட்டிப் பார்த்தே எனக்குப் பழக்கம். என் வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. யார் என்ன சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுக்கொள்வார். இரண்டு பேரும் அவரைப்போல இருந்திருந்தால் கடையை எப்போதோ மூடியிருப்போம்.

வலி வலது தொடை இடுப்போடு சேருகிற மடிப்பில் ஆரம்பித்தது. முதலில் குனிந்து எழுந்தால் மட்டும் பிடிக்கும். பிறகு படி ஏறினால் பிடித்தது. கடைசியில் சும்மா படுத்திருந்தாலும் விடவில்லை. உள்ளூர் டாக்டர் ஒருவர் காலை மடக்கி, விரித்துப் பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: கத்தி படக் கூடாது. என் காலில் நான் நிற்க வேண்டும். கடையில் நின்று பேசி விற்கிறவள் நான். நான் மாசக்கணக்கில் படுத்துவிட்டால் அந்த மனுஷர் "அப்படியா, அப்படியா" என்று கேட்டே கடையைத் தாரை வார்த்துவிடுவார்.

அதுவரை என்னை நிற்க வைத்துக்கொண்டிருந்தவன் என் தம்பி. அவனுக்குச் சொந்தமாக மெடிக்கல் ஷாப். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான்தான் என்பதால் என்மேல் தனிப் பாசம். எங்கள் பக்கத்தில் மெடிக்கலில் போய் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டால், நாலைந்து தினுசு மாத்திரையைப் பிய்த்து ஒரு பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். சீட்டும் கிடையாது, பேரும் கிடையாது. எல்லோரும் வாங்குவதுதான். என் தம்பி எனக்கென்று தானே பார்த்துப் பார்த்து செட் போடுவான். காலையில் ஒரு பொட்டலம், ராத்திரி ஒரு பொட்டலம். போட்டால் வலி கேட்கும், கடையில் நிற்கலாம். வருஷக்கணக்கில் போட்டிருக்கிறேன். போன வருஷம் ஆடித்தபசுக் கூட்டம் முடிகிற சமயத்தில்தான் அந்த மாத்திரைக்கும் வலி அடங்காமல் போனது.

அப்போதுதான் பக்கத்து வளையல் கடைக்காரி அக்குபங்சர் என்றாள். கடையநல்லூரைச் சேர்ந்த ஒரு பெண், வாரத்தில் சில நாள் எங்கள் சங்கரன்கோவிலுக்கு வந்து ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பார்க்கிறாளாம். சீன வைத்தியமாம். ஊசி குத்துவாளாம், ஆனால் ஊசிக்குள் மருந்து கிடையாதாம்.

"மருந்து இல்லாத ஊசி எதுக்குட்டி?" என்றேன்.

"போய்ப் பாருங்கக்கா. எனக்குக் கழுத்து திரும்புதுல்லா" என்று அவள் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். அவள் கழுத்து திரும்பாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

இருந்தாலும் போனேன். கத்திக்கு ஊசி தேவலை என்ற கணக்குத்தான். மாடியில் அறை என்றதுமே எனக்கு எரிச்சல் வந்தது, இடுப்பு வலிக்காரியை மாடி ஏறச் சொல்கிற வைத்தியம் என்ன வைத்தியம் என்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனால், முப்பது முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க பெண் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தாள். புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள். தலையில் முக்காடு, மேலே வெள்ளைக் கோட்டு. மாப்பிள்ளை சவுதியில் இருக்கிறார், தான் சென்னையில் போய்ப் படித்துவிட்டு வந்தேன் என்று அவளாகவே சொன்னாள். கேட்காமலேயே சொல்கிறாளே என்று அதையும் ஒரு பக்கம் குறித்துக்கொண்டேன்.

"நீங்க டாக்டரா?"

"எம்பிபிஎஸ் டாக்டர் இல்லக்கா. அக்குபங்சர் படிச்சிருக்கேன். அங்கன மாட்டியிருக்கு பாருங்க."

சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. கிட்டே போய்ப் படித்தேன். படித்ததில் ஒன்றும் விளங்கவில்லை.

நாக்கை நீட்டச் சொன்னாள். ஜன்னல் வெளிச்சத்தில் என் நாக்கை அவள் பார்த்த பார்வையில், சேலைக் கடையில் சாயம் பார்க்கிற பொம்பளைதான் எனக்கு ஞாபகம் வந்தாள். பிறகு இரண்டு மணிக்கட்டையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இங்கேதான் நான் என் வேலையைக் காட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கம் நாடி பார்க்கிறவர், சாதகம் பார்க்கிறவர் யாராக இருந்தாலும், வந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இருக்கிறதை நாமே சொல்லிவிட்டால் அப்புறம் அவர்களுக்கு என்ன வேலை? கையைக் கொடுத்துவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்போம். அவர்களாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஆள் நிஜம், இல்லாவிட்டால் டுபாக்கூர். நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"தூக்கம் சரியில்ல. கோவம் ஜாஸ்தி வரும். நெஞ்சு படபடன்னு வரும். சரியாக்கா?"

கடை வைத்திருக்கிற எந்தப் பொம்பளையிடமும் இதைச் சொல்லலாம். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"வலிக்கு ஏதும் மாத்திரை போடுதியளா?"

"ஒண்ணும் போடல" என்றேன். கண்டுபிடிக்கட்டும் என்றுதான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான், தோற்றுப்போனாள் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம்.

வலி இடுப்பில் என்றால் அவள் பித்தப்பை என்றாள். பித்தப்பைக்கு உரிய பாதை ஒன்று கண்ணோரத்தில் ஆரம்பித்து, விலா, இடுப்பு, காலின் வெளிப்பக்கம் வழியாக நாலாவது கால்விரல்வரை போகிறதாம். அதில் ஓட்டம் அடைபட்டிருக்கிறதாம், மூணு மாசத்தில் சரியாகிவிடுமாம். திருநெல்வேலிக்குப் போகிற பஸ் மாதிரி ஊர் ஊராக நின்று போகிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஊசிப் பொட்டலத்தை என் கண் முன்னால் பிரிக்கச் சொன்னேன். அவள் முகம் சுளிக்காமல், "நீங்களே பிரிச்சுக் குடுங்க" என்று என் கையில் கொடுத்தாள். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். முழங்காலுக்குக் கீழே, கால் பெருவிரல் பக்கம், இடுப்பின் பக்கவாட்டில், முழங்கையை ஒட்டி என்று குத்தினாள். குத்தியது தெரியவில்லை. ஆனால் இடுப்பில் குத்தியதை லேசாகத் திருகினபோது உள்ளே கனமாக ஏதோ இழுத்துக்கொண்டு பாதம்வரை போனது. "ஆத்தே!" என்று கத்திவிட்டேன்.

"அதான் வேணும்" என்றாள்.

அடுத்து, காய்ந்த இலையைச் சுருட்டு மாதிரி சுற்றி வைத்திருந்ததைப் பற்றவைத்து இடுப்புக்குப் பக்கத்தில் காட்டினாள். அந்தப் புகை வாசம் எனக்குச் சரியாகப் படவில்லை. கஞ்சாவோ என்னவோ என்று பதறிப்போய்க் கேட்டேவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கையில் ஊசி இருந்திருந்தால் ஆடியிருக்கும், நல்லவேளை எல்லாம் ஏற்கெனவே என் உடம்பில் இருந்தன. "நம்ம பூ மார்க்கெட்ல மரிக்கொழுந்து விக்காங்கல்லா, அதுக்கு அண்ணன் தம்பிச் செடிக்கா இது. சூடு காட்டுனா ரத்தம் ஓடும்" என்றாள். விளக்கை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடிக் கிடக்கச் சொன்னாள். கண்ணை மூடினால் பையை யாராவது தூக்கிவிட்டால்? பையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். அப்படியும் தூங்கிப்போனேன்.

எழுந்து படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை என்பது கீழே வந்த பிறகுதான் உறைத்தது. சந்தோஷப்படாமல் பயந்தேன். இவ்வளவு சுளுவாக வலி குறைகிறது என்றால் எங்கேயோ ஏதோ தப்பு இருக்கிறது.

வாரா வாரம் போனேன். இடையில் காலையில் வெந்நீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடியும் கொடுத்தாள், சீன வேர்கள் சேர்த்தது, சென்னையிலிருந்து வருகிறது என்று. பழுப்பு நிறம், கசப்பு. தம்பியின் பொட்டலத்தையும் நான் விடவில்லை. இரண்டும் ஒருசேர உள்ளே போனது. வலி ஒரு நாள் குறையும், ஒரு நாள் ஏறும், ஆனாலும் மொத்தத்தில் குறைந்திருந்தது. "ஊசி வேலை செய்யுது" என்றார் வீட்டுக்காரர். "பொடியில என்னத்தையோ கலந்திருக்கா" என்றேன் நான். நாட்டு மருந்து என்று பேர் வைத்து உள்ளே ஸ்டீராய்டைக் கலந்துவிடுவார்கள், முதலில் வலி பறந்துவிடும், பிறகு உடம்பு வீங்கிவிடும் என்று பேப்பரில், போனில் எத்தனை பார்த்திருக்கிறோம். கண்ணாடியில் என் முகமும் அப்போது உப்பித்தான் இருந்தது. பிடி கிடைத்துவிட்டது என்று பொடியைக் கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்தேன்.

அவன் மோந்து பார்த்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான்.

"எக்கா, இது ஸ்டீராய்டேதான். சந்தேகமே இல்ல. மொதல்ல இதை நிறுத்து."

நாக்கில் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேன். அவன் சொன்னதால் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் அந்த மாடிப்படியை எப்படி ஏறினேனோ தெரியாது. அறைக்குள் நுழைந்த வேகத்தில் பொடி டப்பாவை அவள் மேசையில் வைத்து, "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கியளா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க" என்றேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று எனக்கு.

அவள் முகம் சிவந்துபோனது. டப்பாவைத் திறந்து, தம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, நின்றபடியே குடித்தாள். பிறகு என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தாள். முழங்கைக்குக் கீழே, போன வாரம் ஊசி குத்தின இடத்தில் நாவல் பழம் நசுங்கின மாதிரி கருப்பாகக் கன்றியிருந்தது.

"எக்கா, இம்புட்டூண்டு ஊசிக்கு இப்படிக் கன்றாது. முகம் வீங்கிருக்கு. தோலு பேப்பரா ஆயிருக்கு. பொடி நான் குடுத்தது கொஞ்ச நாளாத்தான். இது கொஞ்ச நாளையில வாரதில்ல. நீங்க வேற என்னமோ போடுதிய."

"நாடி பாத்தியளே, அதுல தெரியலையோ?"

"நாடியில மாத்திரை பேரு எழுதியிருக்காதுக்கா. நீங்க வாயைத் தொறந்து சொன்னாத்தான் தெரியும். அன்னைக்கே கேட்டேன், ஒண்ணும் போடலைன்னிய."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போதும் தம்பியின் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. போடுகிறதை எல்லாம் கையில் எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய் எலும்பு டாக்டரைப் பாருங்கள், ஸ்கேன் எடுங்கள், அதற்குப் பிறகுதான் இனி ஊசி என்று சொல்லிவிட்டாள். "மூணு மாசத்துல சரியாயிரும்னு நான் சொன்னது தப்பு. பாக்காமச் சொல்லிட்டேன்" என்றும் சொன்னாள். ஸ்கேன் சென்டரில் இவளுக்குக் கமிஷன் இருக்கிறது என்று படி இறங்கும்போதே முடிவு கட்டினேன்.

ஆனாலும் போனேன். பொடியில் விஷம் என்று ஒரு பெரிய டாக்டர் வாயால் சொல்ல வைத்து, அதை இவள் முகத்தில் எறிய வேண்டும். அதற்காகவே பொடியையும் எடுத்துக்கொண்டேன், துணைக்குத் தம்பியின் பொட்டலங்களையும். வீட்டுக்காரர் கூட வந்தார்.

ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு டாக்டர் பொடியை மோந்துகூடப் பார்க்கவில்லை. "இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைச் சாப்பிடாதீங்க" என்று ஒதுக்கினார். பொட்டலத்தைப் பிரித்தார். மாத்திரைகளைப் பேனா முனையால் தள்ளித் தள்ளி, பொடிசாக இருந்த ஒரு வெள்ளை மாத்திரையைத் தனியே நிறுத்தினார்.

"இது எத்தனை வருஷமா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். ஸ்டீராய்டு அதுதான். முதலில் எனக்கு வந்தது சாதாரண வலியாக இருந்திருக்கும், இப்போது இருப்பது வேறு என்றார். தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்குப் போகிற ரத்தம் நின்று, அந்த எலும்பு செத்துக்கொண்டிருந்தது. பெரும்பாலும் இந்த மாத்திரைதான் காரணம் என்றார். படத்தில் காட்டினார். உருண்டையாக இருக்க வேண்டிய இடம், கீழே போட்டு நசுங்கின சொம்பு மாதிரி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. சொம்பு என்றால் தட்டி நிமிர்த்திவிடலாம். இதை எடுத்துவிட்டுத்தான் வேறு வைக்க வேண்டுமாம்.

"ஊசி குத்துனா சரியாவாதா டாக்டர்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"வலி குறைஞ்சா குத்திக்கோங்க. செத்த எலும்புக்கு அதுல உயிர் வராது."

கத்தி படக் கூடாது என்று நான் யார் யாரையெல்லாம் தட்டிப் பார்த்தேனோ, அவர்களால் வரவில்லை கத்தி. பஸ்ஸில் வரும்போது அழுதேன். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து நீட்டிக்கொண்டிருந்தார்.

நேரே மெடிக்கலுக்குப் போனேன். மத்தியானம், கடையில் கூட்டம் இல்லை. மாத்திரையை மேசையில் வைத்தேன்.

"ஏலே, இது என்னது?"

அவன் பார்த்தான். பொய் சொல்லவில்லை. அதையாவது நான் சொல்ல வேண்டும்.

"தெரிஞ்சா குடுத்த?"

"ஒரு மாசத்துக்குத்தான்னு நெனச்சுக் குடுத்தேன் எக்கா. ஊரே வாங்குது, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நடுவுல அதை எடுத்துட்டும் குடுத்துப் பாத்தேன். நீ போன் பண்ணி, 'செத்துரலாம் போல இருக்குலே'ன்னு அழுத. எனக்குத் தாங்கல. திரும்பப் போட்டுட்டேன்."

"அப்ப பொடி?"

"ஒன் முகம் வீங்கிருந்ததைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. பயந்துட்டேன். பழியைப் பொடி மேல போட்டுட்டேன்."

அவனைத் திட்டினேன். எங்கள் அம்மா இருந்திருந்தால்கூட அப்படித் திட்டியிருக்க மாட்டாள். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்து நின்றான். வேற்று ஆள் என்றால் போலீஸ், கோர்ட்டு என்று போயிருப்பேன். இவனை என்ன செய்ய? காசுக்காக ஏமாற்றியிருந்தால்கூட ஒரு வழி இருந்திருக்கும். இவன் என் வலியைப் பார்க்கப் பொறுக்காமல் அல்லவா கொடுத்திருக்கிறான்.

அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். குறைக்கக் குறைக்க வலி திரும்பி வந்தது. கடையநல்லூர்க்காரியிடம் மறுபடியும் போனேன். எல்லாவற்றையும் வாயைத் திறந்து சொன்னேன். கையைப் பிடித்து நாடியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. ஊசி குத்தின அன்றைக்கு ராத்திரி தூங்குகிறேன். அது ஊசியா, இல்லை "குக்கர் விசில் வரலக்கா" என்று யாரும் கூப்பிடாமல் அரை மணி நேரம் கிடக்கிற சுகமா என்று இன்னும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவளிடமே சொன்னேன். "எதுவா இருந்தா என்னக்கா, தூங்குதியளா இல்லையா" என்கிறாள்.

மாத்திரையை வேறு கடையில் வாங்கலாம் என்றார் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததே ஆச்சரியம். நான் கேட்கவில்லை. நேற்றும் தம்பி கடைக்குத்தான் போனேன். என்னைக் கண்டதும் ஸ்டூலை எடுத்துப் போட்டான். சீட்டைப் பார்த்து, மாத்திரையை எடுத்து, பிளேடால் பாதியாக வெட்டினான். ஒரு துண்டு தெறித்துக் கீழே விழ, வேறு எடுத்து வெட்டினான். வழக்கம்போலப் பேப்பரில் மடிக்கப் போனவனிடம், "அட்டையைக் குடுலே, பாக்கணும்" என்று கையை நீட்டினேன்.

"எக்கா, நான்லா குடுக்கேன்" என்றான்.

"நீ குடுக்கதுனாலதான் பாக்கேன்."

அவன் அட்டையை என் கையில் வைத்தான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேர், தேதி, பொடி எழுத்தில் இருந்தது எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்து முடிக்கும்வரை அவன் என் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.